ஒரு நொடிக்கு 38 சென்டிமீட்டர்

கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேலை பழக்கம். டேப் போய் உருளையில் சிக்கிக்கொள்ளும். பதமாக வெளியே இழுத்து, ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றி உள்ளே ஏற்றுவோம். அறுந்துவிட்டால் கூடுதல் சிரமம். குட்டி ஸ்க்ரூக்களைக் கழற்றி, கசங்கிப்போன பகுதியைக் கத்தரித்து எறிந்து, இரண்டு முனையையும் செல்லோ டேப்பால் ஒட்டி மூட வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. ஒருமுறை அப்படி ஒட்டிய கேசட்டைப் போட்டுக் கேட்டேன். சரணத்தின் நடுவே பாடகர் ஒரு சொல்லின் பாதியிலிருந்து அடுத்த சொல்லின் பாதிக்குத் தாவினார். தாளம் ஒரு கணம் இடறியது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் என் காது தயாராக ஒரு தாவு தாவும்.

கேசட்டில் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். நான் கத்தரித்தது இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். அதாவது ஒரு பாட்டிலிருந்து ஏறக்குறைய 0.4 நொடியை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறேன். காலத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியவர்கள் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் பாரிஸிலும் கொலோனிலும் நியூயார்க்கிலும் அவர்கள் செய்த வேலைதான் ஆரம்பகால மின்னணு இசை. ‘எலெக்ட்ரானிக்’ என்றதும் சின்தசைசர், கீபோர்டு, கம்ப்யூட்டர் என்று மனம் ஓடும். அந்த முன்னோடிகளின் முக்கியமான கருவி பிளேடு.

அதுவரை இசையமைப்பது என்றால் என்ன? ஒருவர் மனதில் கேட்டதைத் தாளில் எழுதுவார், அல்லது சீடருக்குப் பாடிக் காட்டுவார். வேறொருவர் அதை வாசிப்பார். ஒலி பிறந்த கணமே காற்றில் கரைந்துவிடும். மறுநாள் வாசித்தால் அது வேறொரு ஒலி. ஓவியருக்குச் சாயம் போல, தச்சருக்கு மரம் போல, இசையமைப்பவர் கையில் பிடித்து இழைக்க ஒரு பொருள் இருந்ததில்லை. 1920களிலேயே தெரமின், ஓந்த் மார்த்தனோ என்று மின்சாரத்தில் பாடும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் அவையும் ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய வாத்தியங்களே. ஒலியைப் பதிவுசெய்து, அந்தப் பதிவையே கச்சாப்பொருளாக வைத்துக்கொண்டபோதுதான் விஷயம் மாறியது. எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே ஆள் ஆனார்கள். மேடை காணாமல் போனது.

பாரிஸில் இதைத் தொடங்கிய பியர் ஷேஃபர் இசைக் கல்லூரியிலிருந்து வந்தவர் அல்ல. பிரெஞ்சு வானொலியில் பொறியாளர். அவர் ஆரம்பித்தபோது டேப்கூடக் கையில் இல்லை, கிராமபோன் தட்டில் பதியும் இயந்திரம்தான் இருந்தது. அதில் அவர் கண்ட இரண்டு விஷயங்கள் இன்றுவரை நிற்கின்றன.

ஒன்று, தலை வெட்டிய மணி. மணியை அடித்தால் முதலில் ‘டங்’ என்ற மோதல், பிறகு நீளமான ரீங்காரம். அந்த மோதல் முடிந்தபின் பதிவைத் தொடங்கினால் ரீங்காரம் மட்டும் கிடைக்கும். கேட்பவருக்கு அது மணி என்றே தெரியாது. ஷேஃபரின் காதில் அது ஓபோ மாதிரி ஒலித்தது. ஓபோ நம் நாதஸ்வரத்துக்குத் தூரத்து உறவு, சீவாளி வைத்து ஊதுவது. உலோகத்தை அடித்தால் ஊதுகுழல் வருகிறது! ஒரு ஒலி எதிலிருந்து வருகிறது என்பதை நம் காது பெரும்பாலும் அதன் தொடக்கத்தை வைத்தே முடிவுசெய்கிறது என்பது இதில் தெரிந்தது.

இதைச் சோதிக்கப் பாரிஸ் போக வேண்டியதில்லை. செல்போனில் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டிப் பதிவுசெய்யுங்கள். ஏதாவது ஒரு எடிட்டிங் ஆப்பில் முதல் பத்தில் ஒரு பங்கு நொடியை மட்டும் வெட்டிவிட்டுக் கேளுங்கள். டம்ளர் போய்விடும். மிச்சம் இருப்பதற்குப் பெயர் வைப்பது கஷ்டம்.

இரண்டாவது, மூடிய வரி. இசைத்தட்டில் கீறல் விழுந்தால் ஊசி ஒரே வரியில் மாட்டிக்கொண்டு சொன்னதையே சொல்லும் அல்லவா? அந்தக் கோளாறை ஷேஃபர் வேண்டுமென்றே உண்டாக்கினார். 78 சுற்று வேகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு முக்கால் நொடிக்குச் சற்றுக் கூடுதலாகும். அந்த முக்கால் நொடி ஒலி திரும்பத் திரும்ப வரும். முதல் நான்கைந்து தடவை ‘இது ரயில், இது இருமல்’ என்று காது அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கும். பிறகு அலுத்துப்போய் அடையாளத்தை விட்டுவிடும். ஒலியின் ஏற்ற இறக்கமும் சொரசொரப்பும் மட்டும் முன்னால் வந்து நிற்கும். சின்ன வயதில் ‘தண்ணீர், தண்ணீர், தண்ணீர்’ என்று ஐம்பது தடவை சொல்லிப் பார்த்து, கடைசியில் அந்தச் சொல் எந்த மொழி என்றே தெரியாமல் விழித்தவர்களுக்கு இது புரியும். இன்று ‘லூப்’ என்கிற சங்கதிக்கு முன்னோர்களில் ஒன்று இந்தக் கீறல் தட்டு.

இந்த இரண்டு வித்தைகளையும் வைத்துக்கொண்டு 1948இல் ஷேஃபர் பாரிஸின் பத்திஞோல் ரயில் நிலையத்துக்குப் போய் என்ஜின்களைப் பதிவுசெய்தார். விசில், நீராவி, தண்டவாளத் தட்டல் என்று எல்லாவற்றையும் சுற்றவிட்டு, அடுக்கி, சுமார் மூன்று நிமிடத்தில் ‘ரயில்வே பயிற்சி’ என்ற படைப்பை உண்டாக்கினார். 1948 அக்டோபர் 5ஆம் தேதி வானொலியில் ‘இரைச்சல்களின் கச்சேரி’ என்ற தலைப்பில் அது ஒலிபரப்பானது. எழுத்துக் குறியில் தொடங்கி ஒலியாவது வழக்கமான இசை, கையில் இருக்கும் ஒலியில் தொடங்கி இசையாவது என்னுடையது என்பது அவர் வாதம். அதனால் இதற்கு ‘ம்யூசிக் கோங்க்ரேத்’ என்று பெயரிட்டார். ‘பருப்பொருள் இசை’ என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று நிமிடத்தை இன்று கேட்டால் உண்மையைச் சொல்கிறேன், ரயில் ரயிலாகவே இருக்கிறது. காது ரயிலை மறக்க வேண்டும் என்பது அவர் ஆசை, விசில் மறக்கவிடவில்லை. ஆனால் தண்டவாளத் தட்டல் ஒரு தாளக்கட்டுக்குள் விழுகிற இடங்களில், ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டவர்களுக்கு ஒரு புன்னகை வரும்.

இதில் ஷேஃபர்தான் முதல் ஆள் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அதில் ஒரு திருத்தம் உண்டு. 1944இலேயே கெய்ரோவில் ஹலீம் எல்-டப் என்ற இளைஞர், வானொலி நிலையத்திலிருந்து கம்பியில் ஒலி பதியும் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு போய், பேயோட்டும் ‘ஸார்’ சடங்கில் பெண்கள் பாடுவதைப் பதிவுசெய்தார். அதன் கீழ்ச் சுருதிகளை வடிகட்டி, எதிரொலி சேர்த்து, பாட்டின் சாயல் மட்டும் மிஞ்சும்படி ஆக்கினார். ஷேஃபருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே.

டேப்புக்கு வருவோம். காந்தத் துகள் பூசிய பிளாஸ்டிக் நாடாவில் ஒலி பதியும் இயந்திரத்தை ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் 1935இல் பெர்லினில் காட்டியது. போருக்குப் பிறகுதான் அது மற்ற நாடுகளில் பரவியது. 1950களின் தொடக்கத்தில் ஷேஃபரின் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. ஸ்டுடியோ இயந்திரங்களில் டேப் ஓடும் வேகம் நொடிக்கு 38 சென்டிமீட்டர், சிலவற்றில் அதற்கும் இரண்டு மடங்கு. இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

ஒரு நொடி 38 செ.மீ. என்றால் அரை நொடி 19 செ.மீ., பத்தில் ஒரு பங்கு 3.8 செ.மீ. தாளம் வேண்டுமா? ஸ்கேலை வைத்து அளந்து வெட்டினால் போதும். சதுஸ்ரத்துக்கு நான்கு சமத் துண்டு, கண்டத்துக்கு ஐந்து. எந்த மிருதங்க வித்வானாலும் கையால் வாசிக்க முடியாத கணக்கைக்கூட மேஜைமேல் ஒட்டிவிடலாம். துண்டைத் திருப்பி ஒட்டினால் ஒலி பின்னாலிருந்து முன்னால் வரும். வீணைத் தந்தியை மீட்டிய ஒலியைத் திருப்பினால், ஒன்றுமில்லாததிலிருந்து மெல்ல வீங்கி வந்து ‘டக்’கென்று அறுபடும். இரு முனையையும் ஒட்டி வளையமாக்கினால் லூப். வளையம் பெரிதாக இருந்தால் இயந்திரத்துக்கு வெளியே மைக் ஸ்டாண்டிலோ நாற்காலிக் காலிலோ மாட்டிச் சுற்றவிடுவார்கள்.

வேகத்தை மாற்றுவது இன்னொரு வித்தை. 38இல் பதிந்ததை 19இல் ஓட்டினால் ஒலி இரண்டு மடங்கு நீளும், சுருதியும் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். மத்திய ஸ்தாயி ஸட்ஜம் மந்திர ஸ்தாயி ஸட்ஜம் ஆகிவிடும். வாக்மேனில் பேட்டரி தீரும்போது பாடகி பாடகராக மாறுவாரே, அதேதான். டேப்பில் இது இரண்டையும் பிரிக்க முடியாது. ஷேஃபரின் கூடத்தில் ‘ஃபோனோஜீன்’ என்று ஒரு இயந்திரம் செய்தார்கள். ஒரு ஒலியை வளையமாக்கி மாட்டிவிட்டு, பன்னிரண்டு கட்டை உள்ள கீபோர்டை அமுக்கினால் பன்னிரண்டு வேகம், பன்னிரண்டு ஸ்வரஸ்தானம். கதவு கிறீச்சிடுவதைக்கூட ஸ்வரமாக வாசிக்கலாம்.

வெட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டேப்பை நேர் குறுக்காக வெட்டி ஒட்டினால் அந்த இடத்தில் ‘டிக்’ என்று கேட்கும் ஆபத்து உண்டு. சாய்வாக வெட்டினால் ஒரு ஒலி தேய்ந்துகொண்டே இன்னொன்று ஏறும். வெட்ட வேண்டிய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு ரீலையும் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். ஸ்பீக்கரில் ‘வூ…வ், வூ…வ்’ என்று உறுமும். ஒலி தொடங்கும் விளிம்பு தட்டுப்பட்டதும் மெழுகுப் பென்சிலால் கோடு, அப்புறம் பிளேடு.

பாரிஸ் உலகத்தின் ஒலிகளை வெட்டிக்கொண்டிருக்க, ஜெர்மனியின் கொலோன் வானொலியில் 1951இல் தொடங்கிய கூடம் வேறு வழியில் போனது. ஹெர்பெர்ட் ஐமர்ட் தலைமையில் அங்கே இருந்தவர்களுக்கு ரயிலும் வேண்டாம், மணியும் வேண்டாம். சுத்தமான மின் ஒலி போதும். பழைய தூர்தர்ஷனில் நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் கலர் பட்டைகளோடு ஒரு ‘பீ’ ஒலி வருமே, அதுதான் சைன் அலை. ஒரே ஒரு அதிர்வெண், வேறு கலப்படம் இல்லை. எந்த ஒலியையும் இப்படிப்பட்ட அலைகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிவிடலாம் என்பது கணிதம். அப்படியானால் யாரும் கேட்டிராத வாத்தியத்தையும் அடியிலிருந்து கட்டலாம் என்பது கொலோன்காரர்களின் கனவு.

கட்டியவர்களில் பெயர் பெற்றவர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன். 1954இல் அவர் செய்த ‘இரண்டாம் பயிற்சி’ என்ற படைப்புக்குப் புதிதாக ஒரு ஸ்வர வரிசையையே உண்டாக்கினார். நமக்கு ஒரு ஸட்ஜத்திலிருந்து அடுத்த ஸட்ஜம் இரண்டு மடங்கு, நடுவே பன்னிரண்டு படி. அவர் ஐந்து மடங்கு இடைவெளியை எடுத்து 25 சமப் படிகளாக வகுத்தார். 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 81 அதிர்வெண்கள். ஒவ்வொரு ஒலிக்கும் ஐந்து சைன் அலைகளின் சின்னத் துண்டுகளை வரிசையாக ஒட்டி, எதிரொலிக்கும் அறையில் ஒலிக்கவிட்டு, அந்த எதிரொலியைப் பதிந்தார். ஐந்தும் அங்கே ஒன்றோடொன்று கரைந்துவிடும். மூன்று நிமிடப் படைப்புக்கு இவ்வளவு வேலை.

இரண்டு கூடங்களும் ஒன்றையொன்று ஏளனமாகப் பார்த்தன. அந்தச் சண்டையின் விவரம் இப்போது யாருக்கும் தேவையில்லை, ஏனென்றால் ஸ்டாக்ஹவுசனே அதை முடித்துவைத்தார். 1956இல் வெளியான ‘இளைஞர்களின் பாடல்’ படைப்பில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் குரலையும் மின் ஒலிகளையும் ஒன்றுக்குள் ஒன்று இழைத்தார். எரியும் சூளையில் தள்ளப்பட்ட மூன்று இளைஞர்கள் நெருப்புக்குள் நின்று இறைவனைப் புகழும் பைபிள் கதைதான் அதன் பொருள். உயிரெழுத்துகள் சைன் அலைகளாக நீள்கின்றன, ‘ஸ்’, ‘ஷ்’ எல்லாம் இரைச்சலாகச் சிதறுகின்றன. குரல் எங்கே முடிகிறது, மின்சாரம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைக்க முடியாது. தொடக்கக்காரர் ஒரே ஒரு படைப்பைத்தான் கேட்பேன் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இரவில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு.

நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் செய்தது இன்னொரு தினுசு. 1952இல் அவர் தொடங்கிய ‘வில்லியம்ஸ் மிக்ஸ்’ எட்டு டேப்புகளுக்கானது. எதை எங்கே வைப்பது என்று தன் ரசனைப்படி முடிவுசெய்யக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அதனால் ‘ஈ சிங்’ என்ற பழைய சீனக் குறிகேட்கும் நூலின் முறையில் காசு சுண்டிப் பார்த்து முடிவுசெய்தார். அந்தப் படைப்பின் குறிப்பேட்டில் ஸ்வரங்கள் கிடையாது. டேப்பின் அசல் அளவில், அசல் நீளத்தில் வடிவங்கள் வரையப்பட்டிருக்கும். தாள்மேல் டேப்பை வைத்து அந்தக் கோட்டின்படி வெட்ட வேண்டியதுதான். தையல்காரர் காகித அச்சை வைத்துத் துணி வெட்டுவதோடு கேஜே இதை ஒப்பிட்டார். 190க்கும் மேற்பட்ட பக்கங்கள், மாதக்கணக்கில் நண்பர்கள் கூடி உட்கார்ந்து வெட்டல் ஒட்டல். கிடைத்தது நான்கு நிமிடச் சொச்சம்.

கேஜின் கதையில் இந்தியாவுக்கு ஒரு கிளை போகிறது. 1946இல் ஆமதாபாத்தின் கீதா சாராபாய் நியூயார்க் போயிருந்தபோது, கேஜ் அவருக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார், கீதா அவருக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தார். இசை எதற்கு என்று கேஜ் கேட்டதற்கு, மனதை அமைதிப்படுத்தித் தெய்விகத்தை உள்வாங்கும் நிலைக்குக் கொண்டுவர என்று தன் குரு சொன்னதைக் கீதா சொன்னார். கேஜ் வாழ்நாள் முழுக்க அதை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார். வில்லியம்ஸ் மிக்ஸில் பிளேடு பிடித்தவர்களில் ஒருவரான டேவிட் டியூடர், 1969இல் ஆமதாபாத்துக்கே வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசரும் டேப் இயந்திரங்களும் கொண்ட ஒரு கூடத்தை அமைத்துக் கொடுத்தார். கீதா உட்படச் சில இந்தியர்கள் அதில் இசையமைத்தார்கள். கூடம் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது. அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் நிறுவனத்துக்குள்ளேயே கிடந்து, அண்மையில்தான் கண்டெடுக்கப்பட்டு வெளியாயின. ஆசியாவில் எத்தனை இடத்தில் அப்போது மூக் இருந்திருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

1958 பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியில் ஃபிலிப்ஸ் நிறுவனம் ஒரு அரங்கம் கட்டியது. கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் வேலை பார்த்த இயானிஸ் செனாக்கிஸ் அதன் வளைந்த சுவர்களை வடிவமைத்தார். உள்ளே ஒலித்த எட்டு நிமிட டேப் இசை, இசையமைப்பாளர் எட்கார் வரேஸுடையது. மின்கருவிகள் வரட்டும் வரட்டும் என்று பல பத்தாண்டுகள் காத்திருந்த அவருக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சுவரெங்கும் பதித்த நூற்றுக்கணக்கான ஸ்பீக்கர்களில் அந்த ஒலி இங்கிருந்து அங்கே ஓடியது. கூட்டம் மாறும் இடைவெளியில் ஒலித்த துண்டு செனாக்கிஸே செய்தது. எரியும் கரி வெடிக்கும் ஒலி, அது மட்டும்தான். பொடிப் பொடியாக வெட்டி, அடுக்கடுக்காகச் சேர்த்திருக்கிறார். அடுப்பங்கரையில் கரி ‘சட் சட்’டென்று தெறிப்பதைக் கேட்டிருக்கிறோம். இது கண்ணாடித் தூள் மழையாகக் கொட்டுவது போல் இருக்கும்.

இதையெல்லாம் தொடங்கிவைத்த ஷேஃபர், வயதான காலத்தில் ஒரு பேட்டியில் தன் பாதையையே மறுத்துவிட்டார். ஸ ரி க ம-வுக்கு வெளியே எதுவும் சாத்தியமில்லை, வாழ்க்கையை வீணடித்துவிட்டேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அவர் பேச்சை நான் ஏற்கவில்லை. அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

கடைசியாக ஒரு பெண்மணி. கோவென்ட்ரியில் 1937இல் பிறந்த டீலியா டெர்பிஷர், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிபிசியில் சேர்ந்து, நாடகங்களுக்கு வினோத ஒலிகள் செய்யும் பட்டறைக்குத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பிடித்த வாத்தியம் பச்சை வண்ண உலோக விளக்குக் கூண்டு. அதைத் தட்டி, தலையை வெட்டி, ரீங்காரத்தை வைத்துக்கொள்வார். ஷேஃபரின் மணிதான், லண்டனில்.

1963இல் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடருக்கு ரான் கிரெய்னர் ஒரு தாளில் மெட்டு எழுதிக் கொடுத்தார். டெர்பிஷர் அதை ஒலியாக்கினார். கீழே ஓடும் அந்த ‘டும்டடம்’, ஒரே ஒரு தந்தியை மீட்டிப் பதிந்த ஒலி. அதையே வெவ்வேறு வேகத்தில் ஓட்டி ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்து, அளந்து வெட்டி ஒட்டியது. பல டிராக் பதியும் இயந்திரம் கிடையாது. மெட்டு ஒரு டேப், கீழ் ஒலி ஒரு டேப், மற்றது ஒரு டேப் என்று மூன்று இயந்திரங்களை ஒரே நேரத்தில் தட்டிவிட்டுச் சேர்த்துப் பதிய வேண்டும். ஒரு தடவை சேர்த்துக் கேட்டபோது எங்கோ ஒரு ஒலி பிசகியது. எந்த டேப்பில், எந்த இடத்தில் என்று காதால் பிடிபடவில்லை. டெர்பிஷரும் அவருடைய உதவியாளர் டிக் மில்ஸும் டேப்புகளைக் கட்டடத்தின் நீளமான நடைவழிக்கு எடுத்துப் போய், தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒட்டுகளை ஒப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். ஒரு இடத்தில் ஒரு டேப்பின் ஒட்டு மட்டும் மற்றவற்றோடு வரிசை சேராமல் தள்ளி நின்றது. அதுதான் பிசகிய ஸ்வரம்.

முடிந்ததைக் கேட்ட கிரெய்னர், “இதை நானா எழுதினேன்?” என்றார். “பெரும்பகுதி நீங்கள்தான்” என்றார் டெர்பிஷர். பெயரில் பங்கு கொடுக்கக் கிரெய்னர் தயாராக இருந்தார், பிபிசியின் விதி இடம் கொடுக்கவில்லை. டெர்பிஷர் 2001இல் இறந்த பிறகு வீட்டுப் பரணில் தானியக் காலை உணவுப் பெட்டிகளுக்குள் 267 டேப்புகள் கிடைத்தன.